சரக்குக்கு இல்லாத கூச்சம்

ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து சந்தாபுரா, பொம்மசந்திரா, ஜிகணி என்று ஆனேக்கல் வட்டம் முழுக்க ஆலைகள், அலுவலகங்கள், பி.ஜி. விடுதிகள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் பலருக்கு முதல் சம்பளமும், வீட்டார் கண்ணில் படாத முதல் சுதந்திரமும் இங்கேதான்.

சனிக்கிழமை இரவு ஒயின் ஷாப்பில் பிராண்டு பெயரை உரக்கச் சொல்லிக் கேட்கிற இளைஞர், பக்கத்து மெடிக்கலில் கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நிற்கிறார். கடைக்காரரும் ஆணுறையைப் பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுத் தள்ளுகிறார்.

அரசுக்கும் இதில் தெளிவில்லை. 2023 ஜனவரியில், மது வாங்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்க கர்நாடகத்தில் வரைவு விதி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது. அதே மாதம், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆணுறை விற்கத் தடை என்று செய்தி பரவி, அப்படியொரு தடை இல்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொல்ல நேர்ந்தது.

போதை முதலில் பறிப்பது நிதானத்தை. நாலு ரவுண்டுக்குப் பிறகு ஆணுறை நினைவுக்கு வராது. வந்தாலும் 'ஒரு தடவைதானே' என்று மனம் சமாதானம் சொல்லும். எனவே முடிவு முதல் கிளாசுக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். சம்மதமும் அப்படித்தான். என்ன நடக்கிறதென்றே புரியாத போதையில் ஒரு பெண் சொல்லும் 'சரி'யைச் சட்டம் சம்மதமாக ஏற்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவின்படி அந்த நிலையில் கொள்ளும் உறவு வன்புணர்வு. 'நானும்தான் குடித்திருந்தேன்' என்பது தப்பிக்கும் வழியல்ல.

ஆணுறை போடத் தவறிவிட்டால் ஒளிந்துகொள்ள வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும்; அது நோய்த்தொற்றைத் தடுக்காது. அரசு மருத்துவமனைகளின் ஐ.சி.டி.சி. எனப்படும் ஆலோசனை, பரிசோதனை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. சந்தேகம் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

குடிக்காதே என்று அறிவுரை சொல்வது நல்லதுதான். ஆனால், கேட்காத பிள்ளையும் நம் பிள்ளைதானே? வேலைக்குச் சேரும் நாளில் தீயணைப்புக் கருவியைப் பிடிக்கக் கற்றுத்தரும் நிறுவனங்கள், இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கட்டும். 1097-ஐ விடுதிச் சுவரில் எழுதி வைக்க ஒரு டப்பா பெயின்ட் போதும்.