புல்லுக்கு மருந்து, தொழிலாளிக்கு நஞ்சு

"எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டாங்க சார், விழிப்புணர்வு இல்லாத ஆளுங்க." அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தோட்டப் பராமரிப்பை ஒப்பந்தம் எடுத்தவர்களிடம் கேட்டால் கிடைக்கும் பதில் இது. முதுகில் மருந்து டேங்க் கசிந்து சட்டை நனைய, வெறுங்காலோடு புல்வெளியில் நடப்பவரைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

சரி, விழிப்புணர்வையே பேசுவோம். பூச்சிமருந்து பாட்டிலில் உள்ள முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்பதை வைத்துத்தான் நஞ்சின் கடுமை தெரியும். தொழிலாளியின் கைக்கு வருவதோ மேற்பார்வையாளர் கலந்து கொடுக்கும் வாளி. அதில் எந்த நிறத்தை அவர் பார்ப்பது? களைக்கொல்லியான பாராகுவாட் உடலுக்குள் போனால் மாற்று மருந்தே கிடையாது. இதை அவரிடம் யார் சொன்னார்கள்?

தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடை, சுவாசக் கவசம், மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. அவற்றைக் கேட்டால் மட்டும் ஒப்பந்தக்காரருக்குக் காது கேட்பதில்லை.

"மருந்து அடித்திருக்கிறது, குழந்தைகள் வர வேண்டாம்" என்று குடியிருப்போருக்குப் பலகை வைக்கிறீர்களே! ஆபத்து உங்களுக்குத் தெரியும். அடித்தவர் கை கழுவச் சோப்பு வைக்கத்தான் மனம் வரவில்லை.

மலக்குழியில் நம்மை இறக்கியபோதும் "அவங்களுக்குப் பழக்கம்" என்றார்கள். அழுக்கைத் தொட ஒரு சாதியை ஒதுக்கிய சமூகம், நஞ்சைத் தூக்கவும் அதே முதுகைத் தேடுகிறது.

தோட்ட வேலை செய்யும் தோழர்களே, தனியாகக் கேட்டால் வேலை போகும். சேர்ந்து கேளுங்கள். பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். கையுறையும் முகக்கவசமும் வராத நாளில் டேங்க்கைத் தூக்காதீர்கள். அன்றைய கூலியையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.