யாருக்கு நல்ல காலம்?

பயணம் என்றதும் நாம் கேட்கும் முதற் கேள்வி, "எப்போது போனால் நல்லது?" என்பதாகும். யாருக்கு நல்லது என்று கேட்போர் குறைவு. இந்தியாவின் வடகோடியிலுள்ள லடாக் எனும் குளிர்ப் பாலைவனத்தைப் பற்றி வாசித்தபோது, இந்த இரண்டாவது கேள்வியே முக்கியமானது என எனக்குத் தோன்றியது.

லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நமது பிதுருதலாகல மலையை விட அது சுமார் 1000 மீற்றர் உயரமானது. பருவமழை மேகங்களை இமயமலை மறித்துவிடுவதால், ஆண்டு முழுவதும் மழையும் பனியுமாக அங்கு கிடைப்பது ஏறத்தாழ 100 மில்லிமீற்றர்தான். மலைகளில் உருகிவரும் பனிநீரே வயல்களையும் வீடுகளையும் வாழவைக்கிறது.

குளிர்காலத்தில் வெப்பநிலை -20 பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்குவதுண்டு. குழாய் நீர் உறைந்துவிடும். மணாலியிலிருந்து வரும் வீதியைப் பனி மூடிவிடும். ஏப்ரலில் ஆப்ரிகொட் மரங்கள் பூத்துக் குலுங்கும். ஆனால் அது விதைப்புக் காலம். பனியாறுகள் போதியளவு உருகாததால் நீர் அரிதாகவே கிடைக்கும். இந்தக் குறையைப் போக்கவே பொறியியலாளர் சோனம் வாங்சுக், குளிர்கால நீரைக் கூம்பு வடிவப் பனிக்கட்டியாகச் சேமிக்கும் முறையை உருவாக்கினார்.

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான் கூட்டம் அதிகம். வயலுக்கும் விடுதிக்கும் ஒரே நேரத்தில் நீர் வேண்டும். வறண்ட நிலம் பெருமழையையும் தாங்காது. 2010 ஓகஸ்டில் லேயில் திடீர் வெள்ளம் 200 இற்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது.

ஆகவே, செப்டெம்பரே சிறந்தது என்பேன். வானம் தெளிந்திருக்கும்; வீதிகளும் திறந்திருக்கும். பார்லி அறுவடை பெரும்பாலும் முடிந்திருப்பதால் வயலின் நீருக்கு நாம் போட்டியாக மாட்டோம்.

"பயணிகள் குறைந்தால் அம்மக்களின் வருமானம் என்னாவது?" எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மாதங்களில் குவிவோரில் ஒரு பகுதியினர் செப்டெம்பருக்கு மாறினால், வருமானமும் நீடிக்கும், நீரும் மிஞ்சும் என்றே சொல்கிறேன்.

எம்மாதம் சென்றாலும் முதல் இரு நாட்கள் ஓய்வெடுப்பது அவசியம். ஒட்சிசன் குறைந்த காற்றுக்கு உடல் பழக வேண்டும். அங்கே ஒரு வாளி நீரை ஊற்றுமுன், அது எந்த வயலுக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதும் விருந்தாளியின் கடமையே.