முழு விலாசமும் பக்கத்து வீடும்

சிதம்பரத்தில் மேலவீதி எங்கே என்று கேட்டால், "கோயிலுக்கு மேற்கே" என்று சட்டென்று பதில் வரும். கீழவீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி எல்லாமே நடராஜர் கோயிலை வைத்துப் பிறந்த பெயர்கள்தாம். கடலூர்க்காரர்களின் அனுபவம் வேறு. 'தென்னாற்காடு ஜில்லா' என்று தலைமுறையாக விலாசம் எழுதி வந்தார்கள். 1993-ல் ஜில்லா இரண்டாகப் பிரிந்து கடலூர், விழுப்புரம் என்று ஆயிற்று. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது; விலாசம்தான் பழசாகிப் போயிற்று!

கம்ப்யூட்டருக்குள்ளும் இந்த இரண்டு ரக விலாசங்கள் உண்டு. உச்சியில் தொடங்கி முழுவதும் சொல்வது ஒன்று. இருக்கும் இடத்திலிருந்து வழி சொல்வது மற்றொன்று.

கடலூரில் ஒரு கல்லூரி மாணவி, வீட்டிலுள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரில் பிச்சாவரத்தைப் பற்றி ஒரு வலைப்பக்கம் தயாரிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். படகுப் படம் எங்கே இருக்கிறது என்பதற்கு, 'சி' டிரைவ், அதற்குள் தன் பெயர், அதற்குள் 'படங்கள்' என்று முழு விலாசம் எழுதுகிறாள். வீட்டில் படம் ஜோராகத் தெரிகிறது. மறுநாள் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, சிதம்பரத்துக்குப் பரீட்சைக்குப் போகிறாள். அங்கே இருப்பதோ லினக்ஸ் கம்ப்யூட்டர். எழுத்துக்கள் வருகின்றன, படம் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டம்! படம் பென் டிரைவிலேயேதான் இருக்கிறது. ஆனால் பக்கம் தேடுவதோ கடலூர் வீட்டு அலமாரியை! இரண்டு வாரம் கண்விழித்த உழைப்பு என்னாவது?

அவள் 'படங்கள்/படகு' என்று மட்டும் எழுதியிருந்தால் போதும். 'என் பக்கத்திலுள்ள படங்கள் ஃபோல்டரில் பார்' என்று அதற்கு அர்த்தம். ஒரு படி மேலே போக வேண்டுமானால் முன்னால் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் (../) போட வேண்டும். பக்கமும் படமும் சேர்ந்தே பிரயாணம் செய்தால் எந்த ஊரிலும் வழி தவறாது.

அந்தச் சாய்ந்த கோட்டிலும் ஒரு வம்பு உண்டு. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸுக்கு '/' என்ற கோடு. 1983-ல் வந்த எம்.எஸ். டாஸ் இரண்டாம் பதிப்பில்தான் ஃபோல்டர்கள் வந்தன. அதற்குள் '/' வேறு வேலையில் அமர்ந்துவிட்டதால், '\' என்பதை எடுத்துக்கொண்டார்கள். விண்டோஸ் பெரும்பாலும் '/' கோட்டையும் ஏற்றுக்கொள்ளும். லினக்ஸோ '\' கோட்டைப் பெயரில் ஓர் எழுத்தாகவே நினைக்கும். ஆகவே '/' போடுவதே க்ஷேமம். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு. எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே வைத்துவிட்டால் சண்டையில்லை.

இது யாருக்கோ வரும் தொல்லை என்று நினைக்காதீர்கள். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டுமே அந்தப் பெட்டிகளில் குடியேறின.

அதற்காக முழு விலாசத்தைத் தள்ளிவிடவும் கூடாது. ராத்திரியில் தானாகவே நகல் எடுத்துவைக்கும் புரோகிராம், தான் எங்கே நின்று புறப்படுகிறதோ அங்கிருந்தே வழியை எண்ணும். நிற்கும் இடம் மாறினால் வேறு வீட்டுக் கதவைத் தட்டும். வீட்டை விட்டு நகராத காரியத்துக்கு முழு விலாசம்; கூடவே கிளம்பும் பொருளுக்குப் பக்கத்து வீட்டு வழி.

உங்கள் பெண் பரீட்சைக்குக் கிளம்புமுன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். வேலையை பென் டிரைவில் நகல் எடுத்தபின், வீட்டு ஃபோல்டரின் பெயரைச் சற்று மாற்றிவிட்டு, நகலைத் திறந்து பார்க்கட்டும். படங்கள் வந்தால் நிம்மதியாக பஸ் ஏறலாம். வராவிட்டால், திருத்துவதற்கு இன்னும் ஒரு ராத்திரி கையில் இருக்கிறதே!