அயல்நாட்டுச் சட்டமும் நம் அறியாமையும்

முற்காலத்தில் கடல் கடந்து சென்றோர் நம் ஊர்களில் மிகச் சிலரே. இக்காலத்திலோ அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய இடங்களில் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ சென்று மீண்டவர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்டல் அரிது. காலையில் பூவிருந்தவல்லியில் பெட்டி கட்டியவன், மாலையில் மீனம்பாக்கத்தில் விமானமேறி, அன்றிரவே பிறதேசத்து மண்ணை மிதிக்கின்றான். பாஸ்போர்ட்டும் விசாவும் உளவா என்று பன்முறை தடவிப் பார்க்கும் நாம், அந்நாட்டுச் சட்டம் யாது என்று ஒருமுறையேனும் வினவுகின்றோமா? இல்லை என்பதே உண்மை. இக்குறையைக் குறித்துச் சில சொல்லுதலே என் நோக்கம்.

நம் அடுக்களையில் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவை எடுத்துக்கொள்வோம். அஃது அபினிச் செடியின் விதை. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டம் அச்செடியின் பிற பகுதிகளைக் கட்டுப்படுத்தி, விதையை மட்டும் விலக்கிவிட்டது. ஆதலின் மளிகைக் கடைதோறும் அது தடையின்றி விற்கப்படுகின்றது. ஐக்கிய அரபு அமீரகத்திலோ அவ்விதையே தடுக்கப்பட்ட பொருள். மகன் நாவுக்கு இனிய உணவு உண்ணவேண்டுமென்று தாய் அன்புடன் வைத்த பொட்டலம், அவனைச் சிறைவாயிலில் நிறுத்தக்கூடும். டிரமடால், கோடீன் முதலியன சேர்ந்த வலிமருந்தும் இருமல் மருந்தும் அத்தகையனவே. வைத்தியர் சீட்டும் அந்நாட்டு அரசின் முன்னனுமதியும் இன்றி அவற்றைக் கொண்டுசெல்லலாகாது.

“அறியாமற் செய்த பிழையைப் பொறுக்கலாகாதோ?” என்று சிலர் கேட்பர். நம் நாட்டிலும் அவ்விதப் பொறுத்தல் இல்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வழங்கும் பாரதிய நியாய சம்ஹிதையும், நிகழ்ச்சியைப் பிறழ உணர்ந்தவனுக்கு இரங்குமேயன்றிச் சட்டத்தை அறியாதவனுக்கு இரங்கா. அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியைக் கொண்டுவந்த அயல்நாட்டுப் பிரயாணிகள் நம் விமான நிலையங்களிற் பிடிபட்டதுண்டு. தம் ஊரில் அது குற்றமன்று என்று அவர்கள் கூறியதை நாம் ஏற்றோமா? கடல் கடக்கவும் வேண்டுவதில்லை. 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது, அண்டை ஜில்லாவிற் குற்றமாகாத கள், எல்லையை ஓரடி தாண்டியதும் குற்றமாயிற்று.

சிறியனவாகத் தோன்றும் பிழைகளும் சிங்கப்பூரிற் பெரியனவாகும். பொதுவிடத்தில் துப்புதலுக்கு அபராதம் உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் நேர்ந்த கலகத்தின் பின்னர் இந்தியர் 25 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2015இல் இயற்றிய சட்டத்தின்படி இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொதுவிடங்களில் மதுவருந்துதல் குற்றம். அனுமதிக் காலம் கடந்து 90 நாட்களுக்கு மேல் தங்கிய ஆடவர்க்குச் சிறையோடு பிரம்படியும் கிடைக்கும்.

இவை யாவற்றினும் கொடியது பிறர் கொடுத்த பொட்டலத்தைச் சுமத்தல். சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டம், ஒருவன் கையிலுள்ள பொருளின் தன்மையை அவன் அறிந்தவன் என்றே முதற்கண் கொள்ளும். அறியேன் என்று மெய்ப்பித்தல் அவன் பொறுப்பு. நம் சட்டத்திலும் இத்தகைய அனுமானம் உண்டென்பதை மறத்தலாகாது. ஆங்கு 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினைக் கடத்தல் தூக்குத் தண்டனைக்கு இடமாகும். மலேசியத் தமிழராகிய நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராமுடன் 2009இல் பிடிபட்டு, 2022 ஏப்ரல் 27ஆம் நாள் தூக்கிலிடப்பெற்றார். அவருடைய அறிவுக் குறைவை எடுத்துக்காட்டிப் பல தேசத்தாரும் முறையிட்டும் பயனில்லை. இத்தண்டனை மிகக் கொடிது என்பதே என் கருத்து. ஆயினும் என் கருத்து அந்நாட்டு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நம் இளைஞரைக் காக்கவும் மாட்டாது. அவரைக் காக்க வல்லது அறிவொன்றே.

எருசலேமிற் கசையடிக்காகக் கட்டுண்ட பவுல் அப்போஸ்தலர், ரோமக் குடிமகனை விசாரணையின்றி அடித்தல் முறையன்று என்பதை அறிந்திருந்தமையாலன்றோ அவ்வடியினின்று தப்பினார்? நம் பாஸ்போர்ட்டுக்கு அத்துணை வலிமை இல்லை. எனினும் 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு ஓர் உரிமையைத் தந்துள்ளது: கைது செய்யப்பெற்றவன் வேண்டினால், அவன் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். இதனை அறியாதவன் எங்ஙனம் வேண்டுவான்?

நம் கல்லூரி ஆண்டுதோறும் ஒருநாளை ஒதுக்கி, கல்வி கற்கவோ வேலை தேடியோ அயல்நாடு செல்லவிருக்கும் மாணவர்க்கு இவற்றை எடுத்துரைத்தல் நலம். அயல்நாடுகளில் வாழும் பழைய மாணவர்கள், தாம் வாழும் நாட்டின் சட்டங்களைச் சுருங்க எழுதி இவ்விதழுக்கு அனுப்புவார்களாயின் அது பேருதவியாகும். பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம்: பெட்டியைப் பூட்டுமுன் அதிலுள்ள ஒவ்வொரு பொட்டலத்தையும் அவிழ்த்துப் பாருங்கள், தமது அல்லாததை, கொடுத்தவர் நெருங்கிய உறவினரேயாயினும், தயங்காது வெளியே எடுத்து வையுங்கள். உறவினர் மனம் ஒருநாள் வருந்தும், பின்னர் ஆறும். சிறையில் வீணாகும் இளமையோ மீளாது.