உளவுத் துறைக்குச் சட்டம் வேண்டும்

2021 ஜூலை 28 அன்று நாடாளுமன்றத்தின் தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு சசி தரூர் தலைமையில் கூடியது. கைபேசிக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரம் வெடித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பா.ஜ.க. உறுப்பினர்கள் அறைக்கு வந்தார்கள். ஆனால், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். கோரம் இல்லாததால் கூட்டம் நடக்கவில்லை. அழைக்கப்பட்டிருந்த உள்துறை, தகவல் தொழில்நுட்பத் துறை, தொலைத்தொடர்புத் துறை அதிகாரிகள் வரவே இல்லை. பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 கைபேசிகளைச் சோதித்து, ஐந்தில் தீங்கு மென்பொருள் இருப்பதாகச் சொன்னது. அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் குழுவுக்கும் மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி நீதிமன்றத்திலேயே தெரிவித்தார்.

மக்கள் தேர்ந்தெடுத்த அவையும் நாட்டின் உச்ச நீதிமன்றமும் கேட்ட கேள்விக்கு ஓர் அரசு பதில் சொல்லாமல் தப்பிக்க முடிகிறது என்றால், அதற்கு இடம் கொடுக்கும் ஓட்டை சட்டத்தில் இருக்கிறது. அந்த ஓட்டை இன்று நேற்று விழுந்ததல்ல.

உள்நாட்டு உளவைக் கவனிக்கும் ஐ.பி. 1887-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் பிறந்தது. அதன் அதிகாரம் என்ன, எல்லை எது, யாருக்குக் கட்டுப்பட்டது என்று சொல்லும் சட்டம் விடுதலைக்குப் பிறகும் இயற்றப்படவில்லை. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 8-ஆம் இனம் அப்படியொரு சட்டத்தை இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. உளவு அமைப்புகளின் ஊழியர்கள் சங்கம் வைப்பதையும் பத்திரிகைகளுடன் பேசுவதையும் கட்டுப்படுத்த 1985-ல் சட்டம் வந்தது. 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் நீங்கலாக ஐ.பி.க்கு விலக்கு அளித்தது. ஊழியரைக் கட்டிப்போடச் சட்டம், குடிமகனை விலக்கி நிறுத்தச் சட்டம். அமைப்பை வரையறுக்க மட்டும் சட்டம் இல்லை.

தொலைபேசி ஒட்டுக்கேட்பில் இதன் விளைவு அப்பட்டமாகத் தெரிகிறது. மத்தியில் உள்துறைச் செயலர் உத்தரவிடுகிறார். அது சரிதானா என்று அமைச்சரவைச் செயலர், சட்டத் துறைச் செயலர், தொலைத்தொடர்புத் துறைச் செயலர் அடங்கிய குழு மறுஆய்வு செய்கிறது. மத்திய அரசு மாதத்துக்கு 7,500 முதல் 9,000 உத்தரவுகள் பிறப்பிப்பதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருமுறை பதில் வந்தது. மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. அப்படியானால் ஒரே அமர்வில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று தரவுப் பாதுகாப்பு குறித்து ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-லேயே சுட்டிக்காட்டியது. பழைய தந்திச் சட்டம் போய் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 டிசம்பரில் புதிய விதிகளும் வந்துவிட்டன. மறுஆய்வு மட்டும் அதே செயலர்கள் கையில்தான் இருக்கிறது. உத்தரவிடுவதும் அரசு, சரிபார்ப்பதும் அரசு!

2011-ல் சென்னையில் ஒரு நிறுவன நிர்வாகியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க உள்துறை பிறப்பித்த உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. ஒட்டுக்கேட்ட தகவல்கள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவே இல்லை என்பது அங்கே வெளிப்பட்டது. அதைக் கண்டுபிடிக்க 14 ஆண்டுகள் ஆயின. வழக்கு என்று ஒன்று வராத ஆயிரக்கணக்கானவர்களுக்கு, தாங்கள் ஒட்டுக்கேட்கப்பட்டோம் என்பதே தெரியாது.

இதில் எந்தக் கட்சியும் உத்தமர் வேஷம் போட முடியாது. ஒட்டுக்கேட்புப் புகாரில் 1988-ல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். ராஜீவ் காந்தி வீட்டருகே இரண்டு ஹரியானா போலீஸ்காரர்கள் வேவு பார்த்த விவகாரத்தில் 1991 மார்ச்சில் சந்திரசேகர் பிரதமர் பதவியை விட்டார். தெலங்கானாவில் 2023 டிசம்பரில் ஆட்சி மாறியதும், சிறப்பு உளவுப் பிரிவின் வன்தட்டுகள் வெட்டப்பட்டு முசி ஆற்றில் வீசப்பட்டன என்பது போலீஸ் தரப்புக் குற்றச்சாட்டு. எதிர்க்கட்சியில் இருக்கும்போது கொதிப்பதும், நாற்காலி கிடைத்ததும் உளவு அறிக்கைக்காகக் காத்திருப்பதுமே வழக்கமாகிவிட்டது.

இரகசியம் கசிந்துவிடும் என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் தடை. உளவு சொல்பவரின் உயிரும் நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கையும் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைமை 1967 முதல் எதிர்க்கட்சியிடம் இருக்கிறது. பாதுகாப்புத் துறைக் கணக்குகளும் அங்கே அலசப்படுகின்றன. அதனால் நாடு குலைந்துவிடவில்லை. ஐ.பி.யை உருவாக்கிய பிரிட்டனே 1989-ல் தன் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5-க்குச் சட்டம் இயற்றி, 1994-ல் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட மேற்பார்வைக் குழுவையும் அமைத்துவிட்டது. மார்ட்டின் லூதர் கிங்கை எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டதையும், அவரைத் தற்கொலைக்குத் தூண்டும் பெயரில்லாக் கடிதத்தை அனுப்பியதையும் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழு அம்பலப்படுத்திய பிறகு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிரந்தர உளவுக் குழுக்களை அமைத்தன.

மேற்பார்வை உளவுத் துறையின் கையைக் கட்டிவிடும் என்பாரும் உண்டு. 2019-ல் புல்வாமாவில் 40 மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர்கள் பலியானார்கள். எச்சரிக்கை வந்ததா, வந்தும் தவறவிடப்பட்டதா என்று கேட்டு உரிய பதிலைப் பெறும் அதிகாரம் கொண்ட ஒரு குழு நாடாளுமன்றத்தில் இருந்திருந்தால், அந்த வீரர்களின் குடும்பங்களுக்கு அது செய்த கடமையாக இருந்திருக்கும்.

குடியரசுத் துணைத் தலைவராக இருந்தபோதே ஹமீத் அன்சாரி 2010-ல் இத்தகைய நிலைக்குழுவை வலியுறுத்தினார். உளவு அமைப்புகளை முறைப்படுத்த 2011-ல் காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. உளவு அமைப்புகளை நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பாக்கக் கோரிய மனுவை 2016-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, செய்ய வேண்டியது நாடாளுமன்றமே.

ஐ.பி.யின் அதிகாரத்தையும் எல்லையையும் வரையறுக்கும் சட்டம் வேண்டும். அதை மேற்பார்வையிட இரு அவைகளின் உறுப்பினர்களையும் கொண்ட நிலைக்குழு வேண்டும்; அதற்கு எதிர்க்கட்சி உறுப்பினர் தலைவராக வேண்டும். அந்தக் குழு கூப்பிட்டால் அதிகாரிகள் வந்தே தீர வேண்டும். கேட்ட கோப்பைக் காட்டியே தீர வேண்டும். ஒட்டுக்கேட்பு உத்தரவுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் அவையில் வைக்கப்பட வேண்டும். போலீஸ் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மாநில உளவுப் பிரிவுகளுக்குச் சட்டமன்றங்களும் இதையே செய்ய வேண்டும். தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களில் ஒருவராவது அடுத்த கூட்டத்தொடரில் தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் கட்சி பாராமல் ஆதரிக்க வேண்டும்.