முழங்கால் நோகிறதா? சைக்கிளை விட்டுவிடாதீர்கள்



"முழங்கால் தேய்ந்துபோச்சு, இனி என்னால் சைக்கிள் ஓட ஏலாது" என்று சைக்கிளைத் தாழ்வாரத்தில் சாத்திவிட்ட அக்காமார் எங்கள் ஊர்களில் பலர். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாதபோதும், 2022இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றபோதும், எங்களைச் சந்தைக்கும் கிளினிக்குக்கும் கொண்டுபோனது சைக்கிள்தான். தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண் அதை விட்டுவிட்டால், ஒவ்வொரு தேவைக்கும் பிறரை எதிர்பார்க்க வேண்டிவரும்.

உண்மையில், தேய்மானத்தால் வரும் மூட்டுவாதத்துக்குச் சைக்கிள் ஓட்டம் நல்ல பயிற்சி. மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது, அதற்குள் இருக்கும் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. சமதரையில் நடக்கும்போது உடல் எடையின் இரண்டு மடங்குக்கும் மேலான பாரம் முழங்காலில் விழும். சைக்கிளில் எங்கள் எடையைச் சீற் தாங்குவதால் அது வெகுவாகக் குறைகிறது. தொடைத் தசையும் பலப்படுகிறது.

அப்படியானால் ஏன் நோகிறது? பல வேளைகளில் சீற் பதிவாக இருப்பதே காரணம். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில், இரண்டு காலும் நிலத்தில் படும்படி அதை இறக்கிவிடுகிறோம். அப்போது முழங்கால் அதிகம் மடிந்து உழக்க நேர்கிறது.

சீற்றில் இருந்தபடி குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக வரவேண்டும். அதுவே சரியான உயரம். ஒரேயடியாக உயர்த்தாமல், அரை அங்குலமாக உயர்த்திப் பழகுங்கள். நிறுத்தும்போது சீற்றிலிருந்து முன்னுக்கு இறங்கிக் காலூன்றுங்கள்.

மேலும் சில குறிப்புகள்:

• முதலில் 5 முதல் 10 நிமிடம், மேடு பள்ளமில்லாத ஒழுங்கையில் ஓடுங்கள். வாராவாரம் சில நிமிடம் கூட்டுங்கள்.

• சோளகக் காற்றுக்கு எதிரே வலிந்து உழக்க வேண்டாம். விறகு, தண்ணீர்க் கான் போன்ற பாரமிருந்தால் இறங்கி உருட்டுங்கள்.

• ரயருக்குக் காற்றும் செயினுக்கு எண்ணெயும் இருந்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

• ஓடும்போது சற்று நோவது பரவாயில்லை. இரண்டு மணித்தியாலம் கழிந்தும் நோவு கூடியிருந்தால், அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள்.

மூட்டு வீங்கிச் சுட்டால், காய்ச்சலும் இருந்தால், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம். காலம் தாழ்த்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். காலில் செல் துண்டோ பழைய முறிவோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

மற்றவர்கள் நாளைக் காலையே சைக்கிளைத் துடைத்து, சீற்றைச் சரிபார்த்து, ஒழுங்கை முடக்கு வரை ஒருமுறை போய் வாருங்கள்.