கோபுரப் பொந்தில் "எமன்"

ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று சொல்லாத ஊர் நம் நாட்டில் உண்டா? பட்டம் வாங்கியவரும் அந்தச் சத்தம் கேட்டால் கல்லைத்தான் தேடுகிறார். அது ஏன் கத்துகிறது என்று ஒரு நாளாவது யோசித்தவர் எத்தனை பேர் என்று கேட்கிறோம்.

கோபுரப் பொந்திலும் பாழுங் கிணற்றிலும் குடியிருக்கிற வெள்ளைமுகக் கூகையின் சங்கதியைச் சொல்லுகிறோம். அது கூடு கட்டுவதில்லை. தின்று கக்கிய எலி மயிரும் எலும்பும் குவிந்து கிடக்கிற இடமே அதற்குப் பிரசவ அறை. நான்கு முதல் ஏழு வரை வெள்ளை முட்டைகளை, இரண்டு மூன்று நாளைக்கு ஒன்றாக இடும். முதல் முட்டை விழுந்ததுமே பெட்டை அடைகாக்க உட்கார்ந்துவிடும். சுமார் ஒரு மாதத்தில் முதல் குஞ்சு பொரியும். கடைக்குட்டி வெளிவரும்போது மூத்தது பத்துப் பன்னிரண்டு நாள் வளர்ந்திருக்கும். அடைகாக்கும் நாளெல்லாம் பெட்டைக்கும், பிறகு குஞ்சுகளுக்கும் சேவல்தான் வேட்டையாடி இரை கொண்டுவருகிறது. (மனைவி பிள்ளை பெற்ற வீட்டில் திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைகள் கவனிப்பார்களாக!) எலி குறைந்தால் மூத்தவை பிழைக்கும், கடைக்குட்டி பட்டினியால் சாகும். அதன் தலையில் எந்தப் பிரமன் என்ன எழுதினான்? எலி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

குஞ்சுகள் பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதுவரை இரை கேட்டு இரவெல்லாம் குறட்டை விடுவது போலவும் பாம்பு சீறுவது போலவும் சத்தமிடும். இதுதான் ஐயா, எமன் கூப்பிடுகிற சத்தம்! பசித்த பிள்ளையின் அழுகைக்குச் சாவோலை என்று அர்த்தம் பண்ணி, பொந்தை அடைத்து முட்டையை உடைக்கிறோம். கூகை இரவுதோறும்தான் கத்துகிறது. யாரும் சாகாத இரவுகளை எவராவது கணக்கில் வைத்ததுண்டா?

வடநாட்டிலோ ஆந்தை லட்சுமிக்கு வாகனமாம். அதற்காகக் கும்பிட்டு விட்டுவிடுகிறார்களா என்றால், தீபாவளிக்கு ஆந்தையைப் பலியிட்டால் பணம் சேரும் என்று மந்திரவாதி சொல்ல, அதையும் அறுக்கிறார்கள். இங்கே வந்தால் சாவு, அங்கே செத்தால் செல்வம்! 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். சட்டம் மந்திரவாதியின் காதில் ஏறினால்தானே?

மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிப்பதற்காகவே மரப்பெட்டி செய்து வைத்துக் கூகையைக் குடியேற்றுகிறார்கள். நம் விவசாயிகளிலும் பலர், ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று நெல் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைக்கிறார்கள். வயலில் மட்டை நட்டு வரவழைத்த பறவை, எலியைத் தின்றுவிட்டு அவர் வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்தால் மட்டும் எமனாகிவிடுமா?